அண்ணன் அடிக்கிறான், அண்ணிக்காக நான் கோர்ட்டுக்குப் போகலாமா? வீடு அம்மா பெயரில்

உச்சிப்புளி ஜெராக்ஸ் எழுதியது (மே முதல் வாரம்):

கேள்வியை முதலில் கேட்டுவிடுகிறேன், கதை அப்புறம். புருஷன் அடிக்கிறான் என்று பெண்டாட்டிக்காக அவனுடைய கூடப் பிறந்த தங்கச்சி கோர்ட்டுக்குப் போக முடியுமா? முடியும் என்றால், வீடு மாமியார் பெயரில் இருக்கும்போது மருமகள் உள்ளே இருக்க, மகன் வெளியே போக, அப்படி ஓர் உத்தரவு வாங்க முடியுமா?

அந்தத் தங்கச்சி நான்தான். பிறந்தது பாம்பன் பக்கம், கட்டிக்கொடுத்தது உச்சிப்புளியில். இங்கே சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அண்ணன் விசைப்படகு டிரைவர், சொந்தப் படகு கிடையாது. அண்ணி மூக்கையூர்ப் பக்கம். அவளுக்கு அப்பா இல்லை, அம்மா தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டு இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆனாலும் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை.

தொழில் நடக்கிற மாதங்களில் வாரத்துக்கு மூன்று ராத்திரி அண்ணன் கடலில் இருப்பான். அண்ணி நிம்மதியாகத் தூங்கியது அந்த மூன்று ராத்திரிதான் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தால் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகு கட்டிக் கிடக்கும். அந்த மூன்று ராத்திரியும் போயிற்று. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்தால் அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அண்ணி கடல்பாசி எடுக்கப் போகிறவள். ஏவாரி கொடுத்த அட்வான்ஸ் 3,200 ரூபாயை, முக்குளிக்கிற கண்ணாடி வைக்கும் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். அண்ணன் கேட்டான், இல்லை என்றாள், தேடி எடுத்துவிட்டான். எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகாமல் கண்ணாடியைக் கீழே போட்டுக் காலால் மிதித்தான். தடுக்கப் போனவளின் வலது கையைப் பிடித்து முறுக்கினான். கட்டை விரல் வீங்கி நீலமாகிவிட்டது. பாசி எடுப்பவர்களுக்குத் தெரியும், கண்ணாடி இல்லாமல் தண்ணிக்குள் பாறையே தெரியாது. விரலில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்ப்பது அந்தக் கட்டை விரலால்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னது அண்ணி இல்லை, நான். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது.

இது முதல் தடவை இல்லை. போன வருஷம் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அண்ணனை வரவழைத்து, இனிமேல் அடிக்க மாட்டேன் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் அனுப்பி வைத்தார்கள். அந்தத் தாளுக்கு ஒரு ஜெராக்ஸ்கூடத் தரவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரி எனக்கு அது இன்னும் வயிற்றெரிச்சல். அதற்கு முன்னால் ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேசி அண்ணனுக்கு 5,000 அபராதம் போட்டார்கள். கட்டியது அண்ணியின் குழுக் கடன் பணத்திலிருந்து.

அம்மாவும் அந்தக் காலத்தில் "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொன்னவள்தான். இப்போது பேத்தி ராத்திரியில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வதைப் பார்த்த பிறகு, "அவளை இங்கே கூட்டிவா, இவன் எங்கேயாவது போய் இருக்கட்டும்" என்கிறாள். வீட்டுப் பட்டா அம்மா பெயரில். ஆனால் கடைக்கு வரும் ஒருவர் சொல்கிறார், வக்கீலிடம் போனால் முதலில் மாமியாரையும் நாத்தனாரையும் சேர்த்துத்தான் கேஸ் எழுதுவார், நீயே போய் உன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாய் என்று.

அண்ணியும் பிள்ளையும் பத்து நாளாக என் வீட்டில். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அண்ணன் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை, அண்ணியும்தான். அடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நங்கூரம்:

சகோதரி, குடும்ப விஷயத்தை வெளியே கொண்டுவந்தால் சிரிக்கிற வாய்தான் அதிகம். தடைக்காலத்தில் எல்லா வீட்டிலும் சத்தம் இருக்கும். ஜூனில் கடல் திறந்தால் தானாக அடங்கிவிடுவார். பெரியவர்களை வைத்துப் பேசிப் பாருங்கள்.


தொண்டி கருவாட்டுக்காரி:

பெரியவர்களை வைத்துப் பேசியாகிவிட்டது என்று தங்கச்சி மேலே எழுதியிருக்கிறதே அண்ணே, 5,000 ரூபாய்க்கு. என் வீட்டுக்காரர் தடைக்காலம் தவிர ஒரு நாள் தொழிலை விட்டவர் இல்லை. கடலுக்குப் போய்விட்டு வந்தும் அடித்தார்.

தங்கச்சி, நான் இந்த வழியில் போய் வந்தவள். எட்டு வருஷம் ஆகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொள்.

நான் முதலில் போனது திங்கட்கிழமை மனுநாளுக்கு, கலெக்டர் ஆபீஸ். பட்டா, முதியோர் பென்ஷன், குடிதண்ணீர் என்று எல்லாரும் நிற்கிற வரிசையில் கருவாட்டு வாடையோடு நானும் நின்றேன். மனுவை வாங்கிப் பார்த்தவர் "இதுக்கு நீங்க சமூக நல அலுவலகத்துக்குப் போகணும்மா, இதே வளாகத்துலதான், அங்க பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தங்க இருப்பாங்க" என்றார். அப்படி ஒருத்தர் இருக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நீ வரிசையில் நிற்காமல் நேரே அங்கே போ.

அந்த அம்மா ஒரு படிவம் எடுத்தார். டி.ஐ.ஆர். என்பார்கள், வீட்டில் நடந்ததை எழுதும் அறிக்கை. என்னென்ன நடந்தது, எப்போது நடந்தது என்று கேட்டார். எனக்கு எந்தத் தேதியும் தெரியாது. இறால் நல்லபடியாகப் பட்ட வாரம், கோயில் கொடியேற்றத்துக்கு மறுநாள், சின்னவனுக்கு அம்மை போட்டபோது, இப்படித்தான் சொன்னேன். அவர் சலித்துக்கொள்ளாமல் பழைய காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடியேற்றத்திலிருந்து கணக்குப் போட்டு ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதினார். அந்த மேஜையில்தான் எனக்கு முதல் தடவையாக அழுகை வந்தது. அடி வாங்கும்போது வந்ததில்லை. நீ இன்றைக்கே அண்ணியோடு உட்கார்ந்து அந்த வேலையை முடித்து வை. பள்ளிக்கூட லீவு, குழு மீட்டிங், பாசி எடை போட்ட சீட்டு என்று எதை வைத்தாவது தேதி பிடிக்கலாம்.

அடியை மட்டும் சொல்லாதே. பணத்தைப் பிடுங்கியது, நகையை அடகு வைத்தது, சம்பாதிக்க விடாமல் செய்தது எல்லாமே குடும்ப வன்முறைச் சட்டத்தில் வன்முறைதான். கேவலமாகப் பேசியதும் சேரும். அந்த உடைந்த கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஒரு பையில் கட்டி வை.

வக்கீலுக்கு நான் காசு கொடுக்கவில்லை. கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தேன், ஒருவரைப் போட்டார்கள். சின்ன வயது, முதல் நாள் என் பெயரையே தப்பாகச் சொன்னார். போகப் போகப் பரவாயில்லை.

இனி கசப்பானது. முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிப்பது 60 நாளுக்குள் என்று சட்டத்தில் போட்டிருக்கிறது. எனக்கு இடைக்கால உத்தரவு வர ஏழு வாரம், கடைசி உத்தரவு வர ஒன்றே முக்கால் வருஷம். பாதித் தாமதம் நோட்டீஸால்தான். "ஆள் கடலுக்குப் போயிருக்கிறார்" என்று மூன்று முறை திரும்பி வந்தது. நம் ஊரில் இது ஒரு நல்ல சாக்கு. அப்புறம் நானே போய், படகு எந்தெந்த நாள் கரைக்கு வரும், எத்தனை மணிக்கு வலை இறக்குவார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கும் தப்பித்தார். கடைசியில் கதவில் ஒட்டிவிட்டு வந்தார்கள்.

உத்தரவு கைக்கு வந்ததும் ஒரிஜினலை லேமினேஷன் போடாதே. கோர்ட் முத்திரையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். ஜெராக்ஸ் பத்து எடுத்து வை, உனக்குத்தான் செலவில்லையே. ஒன்று என் கருவாட்டுக் கூடையின் அடியில் பாலிதீன் கவரில் எப்போதும் இருந்தது. சிரிக்காதே, அதுதான் என்னைக் காப்பாற்றியது. ஒரு ராத்திரி குடித்துவிட்டு வந்து கதவை உதைத்தார். ஸ்டேஷனில் முதலில் "கேஸ்தான் கோர்ட்டில் இருக்கிறதே, அங்கே போய்ச் சொல்லு" என்றார்கள். தாளை எடுத்து நீட்டினேன். பாதுகாப்பு உத்தரவை மீறினால் அது தனிக் குற்றம், ஒரு வருஷம் வரை ஜெயில், 20,000 வரை அபராதம், போலீஸ் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம், ஜாமீனில் வர முடியாத பிரிவு என்று என் சின்ன வயது வக்கீல் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். அப்படியே ஒப்பித்தேன். விடிவதற்குள் கூட்டிப்போனார்கள். பதினோரு நாள் உள்ளே இருந்தார்.

அதற்கப்புறம் திருந்திவிட்டார் என்று எழுத மாட்டேன். தள்ளி இருக்கிறார். மாதம் 4,000 ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி உத்தரவு, ஐந்து மாதம் கொடுத்தார், அப்புறம் இல்லை. துரத்திக்கொண்டு நடக்க எனக்கும் தெம்பில்லை. ஆனால் ராத்திரி தாழ்ப்பாள் போடும்போது கை நடுங்குவதில்லை.


உச்சிப்புளி ஜெராக்ஸ்:

அக்கா, மூன்று தடவை படித்தேன். அண்ணிக்கும் வாசித்துக் காட்டினேன். கூடைக்கு அடியில் வைத்த இடத்தில் சிரித்துவிட்டாள், பத்து நாளில் இன்றைக்குத்தான். கண்ணாடி அம்மா வீட்டில் கிடக்கிறது, எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். எனக்கு இன்னும் இரண்டு பயம். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய். அப்புறம் வீடு.


தாலுகா தன்னார்வலர்:

நான் வக்கீல் இல்லை. வட்ட சட்டப்பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன், இந்த மாதிரி மனுக்களோடு கூடப் போய் வருவதுதான் வேலை. கருவாட்டுக்காரி அக்கா சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை. விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் போகலாம். 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. அதில் 12-வது பிரிவில், பாதிக்கப்பட்ட பெண்ணோ, பாதுகாப்பு அலுவலரோ, அவளுக்காக வேறு யாருமோ மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது. அந்த 'வேறு யாரும்' நாத்தனாராக இருக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. ஆனாலும் அண்ணி பெயரிலேயே கொடுத்துவிட்டு நீங்களும் அம்மாவும் சாட்சியாக நிற்பது பலமாக இருக்கும். மாமியாரே மருமகள் பக்கம் நின்று சாட்சி சொல்லும் கேஸை நான் இந்தக் கடற்கரையில் இரண்டுதான் பார்த்திருக்கிறேன்.

யாரை எதிர்மனுதாரராகப் போடுவது என்பது மனுதாரர் முடிவு, வக்கீலுடையது இல்லை. 2016-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் பெண்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம் என்று சொன்ன பிறகு, மாமியார், நாத்தனார் எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உங்கள் கடைக்கு வருபவர் சொன்னது அதைத்தான். அண்ணன் ஒருவர் பெயர் மட்டும் போதும் என்று அண்ணி கையால் எழுதிக் கொடுத்துவிடட்டும். இன்னொன்று, வீட்டைவிட்டு வெளியேறு என்று 19-வது பிரிவில் போடும் உத்தரவை ஒரு பெண்ணுக்கு எதிராகப் போடவே முடியாது. அதனால் அம்மாவை யாரும் அவர் வீட்டிலிருந்து கிளப்ப முடியாது.

வீடு மாமியார் பெயரில் இருப்பதால் மருமகளுக்கு உரிமை இல்லை என்பது பழைய பேச்சு. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. புருஷனோடு குடும்பமாக வாழ்ந்த வீடு, பட்டா யார் பெயரில் இருந்தாலும், அவள் குடியிருக்கக் கூடிய வீடுதான். சொத்து அவளுக்கு வந்துவிடாது, இருக்கிற உரிமை மட்டும். உங்கள் விஷயத்தில் சொந்தக்காரரே அவள் இருக்கட்டும் என்கிறார், அப்புறம் என்ன? மகனை வெளியே இருக்கச் சொல்லிக் கேட்பதும் அதே 19-வது பிரிவில்தான். மகன் அம்மாவையும் கை நீட்டினாலோ மிரட்டினாலோ அம்மாவே தனியாக இதே சட்டத்தில் மனுப் போடலாம், இது மனைவிகளுக்கு மட்டுமான சட்டம் இல்லை. (அடிப்பானா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள்.)

ஆஸ்பத்திரி விஷயம். அதே ஆஸ்பத்திரிக்கு அண்ணியைத் திரும்பக் கூட்டிப் போங்கள். விரல் இன்னும் சரியாகியிருக்காது, காட்ட வேண்டியதும் இருக்கும். முதலில் பயந்து மாற்றிச் சொன்னோம், கையை முறுக்கியது புருஷன் என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டு நகல், ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் தெரியும். மாற்றிச் சொன்ன காரணத்தையும், சொன்னது நீங்கள் என்பதையும் பிரமாண வாக்குமூலத்தில் மறைக்காமல் எழுதுங்கள். எதிர்த்தரப்பு கண்டுபிடித்துக் கேட்கும் வரை காத்திருப்பதுதான் ஆபத்து. நாமே சொல்லிவிட்டால் கோர்ட்டுக்கு இது புதிது இல்லை, அடிபட்ட பெண்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் வழுக்கித்தான் விழுகிறார்கள்.

அண்ணி உங்கள் வீட்டில் தற்காலிகமாக இருப்பதே போதும், ராமநாதபுரத்திலேயே மனுப் போடலாம். பாம்பனுக்கோ மூக்கையூருக்கோ அலைய வேண்டாம். மே மாதம் கோடை விடுமுறை சிவில் கோர்ட்டுக்குத்தான், மாஜிஸ்திரேட் கோர்ட் நடக்கும், அதனால் ஜூனுக்குத் தள்ளிப்போடாதீர்கள். டி.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் கோர்ட் உத்தரவு போடலாம் என்று 2022-ல் தீர்ப்பு இருக்கிறது. ஆகவே அலுவலர் லீவு, படிவம் இல்லை என்று யாராவது சொன்னால் திரும்பி வராதீர்கள்.

நோட்டீஸ் பற்றி அக்கா சொன்னது முக்கியம். ஆள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அப்போது பொறுப்பில் இருப்பவரிடம் கொடுக்கலாம், அதுவும் முடியாவிட்டால் ஒட்டலாம் என்று விதி இருக்கிறது. உங்கள் வீட்டில் பொறுப்பில் இருப்பவர் அம்மா.

பணம். அக்கா ஜீவனாம்சம் நின்றுபோனதை எழுதியிருந்தார். 20-வது பிரிவில் ஒரு வசதி உண்டு. வேலை கொடுப்பவரோ, அவருக்குப் பணம் தர வேண்டியவரோ, அதில் ஒரு பங்கை நேரே மனைவிக்குக் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். உங்கள் அண்ணன் டிரைவர், பங்குப் பணம் படகு முதலாளி கையிலிருந்துதான் வருகிறது. அதை மனுவிலேயே கேளுங்கள். உடைந்த கண்ணாடி, வைத்தியச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானம் எல்லாம் அதே பிரிவில் கேட்கலாம்.

ஜெயில் பயம் வேண்டாம். இந்த மனுவின் பேரில் யாரையும் உடனே கைது செய்வதில்லை, உத்தரவை மீறினால்தான். கொடுமைக்குத் தனியாகக் குற்ற வழக்கு வேண்டும் என்றால் அது வேறு கதவு. பழைய 498ஏ, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு. மூன்று வருஷம் வரை தண்டனை. அது வேண்டுமா வேண்டாமா என்பது அண்ணி எடுக்க வேண்டிய முடிவு. நீங்களோ நானோ எடுப்பதற்கில்லை.

ராத்திரியில் அவசரம் என்றால் 181, அல்லது 112. சட்ட உதவிக்கு 15100. பெண் என்றால் வருமானச் சான்றிதழ் கேட்காமலே இலவச வக்கீல் கொடுக்க வேண்டும், 1987 சட்டத்திலேயே இருக்கிறது.


கீழக்கரை வாசகி:

அஸ்ஸலாமு அலைக்கும். குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் எதுவானாலும் முதலில் ஜமாத்தான். எனக்குப் பிரச்சினை மாப்பிள்ளை இல்லை, அவர் மவுத்தாகி நான்கு வருஷம். கூடப் பிறந்த காக்கா, அதாவது அண்ணன்தான். உம்மா வீட்டில் ஒன்றாக இருக்கிறோம். கை நீட்டுகிறார், வெளியே போ என்கிறார். இந்தச் சட்டம் எங்களுக்கும் உண்டா? ஜமாத்தில் கொடுத்த மனு நிலுவையில் இருந்தால் கோர்ட்டுக்குப் போகக் கூடாதா?


தாலுகா தன்னார்வலர்:

வ அலைக்கும் ஸலாம். உண்டு. எந்த மதமானாலும் ஒரே சட்டம். ரத்த உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் என்றால் போதும், அண்ணனுக்கு எதிராகத் தங்கை கேட்கலாம். ஜமாத்தில் பேசுவது உங்கள் விருப்பம், அது கோர்ட் கதவை அடைக்காது. இங்கே விவரம் எழுதாதீர்கள், 15100-ல் பேசுங்கள்.


தொண்டி கருவாட்டுக்காரி:

லாத்தா, தேதி எழுதி வையுங்கள். அதுதான் முதல் வேலை.


உச்சிப்புளி ஜெராக்ஸ் (ஜூன் 10):

நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றியில்லாதவள் ஆகிவிடுவேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனோம். வேறு டாக்டர். நான் சொன்ன பொய்யை நானே சொல்லித் திருத்தினேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ம், சொல்லுங்க" என்று எழுதிக்கொண்டார். நான் திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தேன்.

பாதுகாப்பு அலுவலரிடம் அண்ணி இரண்டரை மணி நேரம் பேசினாள். நான் வெளியே வராண்டாவில் பிள்ளையோடு. தேதிகளை வீட்டிலேயே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதியிருந்தோம். மொத்தம் 23. அதில் எனக்குத் தெரிந்தது ஏழு. என் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரியும் அதில் இருந்தது. அன்றைக்கு மருதாணி வைத்துவிட்டவள் அவள்தான், ஏன் இடது கையாலேயே வைக்கிறாய் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

தன்னார்வலர் கேட்கச் சொன்னதை அம்மாவிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. எழுந்துபோய் உலையில் அரிசி போட்டாள். மறுநாள் காலையில் போன் செய்து, சாட்சிக் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டாள்.

இடைக்கால உத்தரவு மே 29-ல் வந்துவிட்டது. அடிக்கக் கூடாது, என் வீட்டுக்கும் அண்ணி பாசி எடை போடும் இடத்துக்கும் வரக் கூடாது, போனில் மிரட்டக் கூடாது. வீட்டைவிட்டு அவன் வெளியேற வேண்டும் என்று கேட்டதற்கு இன்னும் உத்தரவு இல்லை, அவன் பதிலைக் கேட்ட பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். படகு முதலாளி விஷயமும் அப்படித்தான். நோட்டீஸ் கொண்டுவந்தபோது அண்ணன் வீட்டில் இல்லை. "பொறுப்புல யாரும்மா இருக்கீங்க?" என்று கேட்டதற்கு அம்மா "நான்தான், என் வீடுதான்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்திருக்கிறாள். கையெழுத்துப் போடத் தெரிந்தவள்தான். கை ஓடவில்லையாம்.

அண்ணன் அன்றையிலிருந்து படகிலேயே படுத்துக்கொள்கிறான். என்னோடு பேசுவதில்லை. ஊரில் இரண்டு பேர் என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். நங்கூரம் அண்ணன் சொன்ன சிரிக்கிற வாய் இருக்கத்தான் செய்கிறது.

அக்கா சொன்ன மாதிரி ஜெராக்ஸ் நானே எடுத்தேன். கடையை மூடிவிட்டு ராத்திரியில். உத்தரவில் எதிர்மனுதாரர் பெயருக்குப் பக்கத்தில் தகப்பனார் பெயர் என்று எங்கள் அப்பா பெயர் அடித்திருந்தது. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கண்ணாடி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். பத்து காப்பி.

அண்ணிக்குக் கட்டை விரல் முழுசாக மடங்கவில்லை. புதுக் கண்ணாடி வாங்கியாகிவிட்டது. அடுத்த அமாவாசைத் தண்ணிக்கு இறங்கிப் பார்க்கிறேன், முடியாவிட்டால் கரையில் அலசுகிற வேலை பார்க்கிறேன் என்கிறாள்.

அடுத்த வாய்தா ஜூன் 26. அதற்குள் கடல் திறந்துவிடும். அண்ணன் தொழிலுக்குப் போய்விட்டு வராமல் இருந்தால் என்ன ஆகும்?


தொண்டி கருவாட்டுக்காரி:

நோட்டீஸ் வாங்கியாகிவிட்டதால் வராவிட்டால் அவன் இல்லாமலே கேட்டு உத்தரவு போடலாம். ஆனால் முதல் தடவையே போட மாட்டார்கள், இன்னொரு வாய்தா கொடுப்பார்கள். அதற்கு மனசைத் தயார் செய்துகொள். காலையில் பத்து மணிக்குப் போனால் பெயர் கூப்பிட மத்தியானம்கூட ஆகும், பிள்ளைக்குச் சோறு கட்டி எடுத்துக்கொள். நோட்டையும் எடுத்துப் போ. அண்ணியை ஓரமாக உட்கார வைக்காதே, அவன் வந்தால் நீ நடுவில் உட்கார்.